வாய்ப் புற்றுநோய்க்குப் பின் தாடை மறுசீரமைப்பும் பல் பதியமும்

வாய்ப் புற்றுநோய்க்காக வெட்டி எடுக்கப்பட்ட தாடை எலும்பின் இடத்தில், உடலின் வேறொரு பகுதியிலிருந்து எலும்பு, தசை, தோல் ஆகியவற்றை எடுத்து வைத்து முகத்தின் வடிவத்தையும் வாயின் செயலையும் மீட்கும் அறுவைச் சிகிச்சை, தாடை மறுசீரமைப்பு எனப்படுகிறது. அந்த எலும்பில் டைட்டானியத் திருகுகளைப் பதித்து, அவற்றின் மேல் செயற்கைப் பற்களைப் பொருத்துவது பல் பதியம் ஆகும். மக்கள் வழக்கில் இதற்கு 'இம்பிளான்ட்' என்றே பெயர்.

புற்றை அகற்றுதல், தாடையைக் கட்டுதல், பல் வைத்தல் ஆகிய மூன்றும் தனித்தனிக் கட்டங்களாகத் தோன்றும். ஆனால் கடைசிக் கட்டம் சாத்தியமா இல்லையா என்பது பெரும்பாலும் முதல் அறுவைக்கு முன்பே எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது. எந்த எலும்பு வைக்கப்படுகிறது, கதிர்வீச்சு எங்கே எவ்வளவு விழுகிறது, வாய் எவ்வளவு திறக்கிறது என்பவை அந்த முடிவுகளில் அடங்கும். பற்களைப் பற்றிய கேள்வியோ, எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகே எழுகிறது. புற்று குணமான பிறகும் பலர் கரைத்த உணவோடு நின்றுவிடுவதற்கு இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

இக்கட்டுரை பொதுவான மருத்துவச் செய்திகளைச் சொல்கிறது. பெரிய மருத்துவமனைகளிலிருந்து தள்ளி, ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் திருத்தணி போன்ற ஊரிலிருந்து சிகிச்சைக்குச் செல்பவரின் நிலையை இடையிடையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

தாடை எலும்பை ஏன் வெட்டுகிறார்கள்

உலக அளவில் வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளில் இந்தியா ஒன்று. 2020ஆம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டு சுமார் 1.35 லட்சம் பேருக்கு உதடு மற்றும் வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. மேலைநாடுகளில் நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் இது அதிகம் தோன்றுகிறது. இந்தியாவில் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் தோன்றுவது மிகுதி. வெற்றிலை பாக்கையும் புகையிலையையும் அடக்கி வைத்துக்கொள்ளும் இடம் அதுதான். நெடுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களும் இரவில் விழித்திருக்க வேண்டியவர்களும் இப்பழக்கத்துக்கு எளிதில் ஆளாகிறார்கள்.

பாக்கு மட்டும் போட்டால் ஒன்றும் ஆகாது என்பது பரவலான நம்பிக்கை. இது தவறு. புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியுள்ளது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா விற்பனைக்கு 2013 மே மாதம் தடை விதிக்கப்பட்டது. பாக்கு அந்தத் தடைக்குள் வரவில்லை.

ஈற்றுப் பள்ளத்தில் தோன்றும் புற்றுக்கு எலும்பு மிக அருகில் உள்ளது. புற்று எலும்பைத் தொட்டிருந்தாலும் உள்ளே புகவில்லை என்றால், தாடையின் கீழ் விளிம்பை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் சீவி எடுக்கலாம். தாடையின் தொடர்ச்சி இதில் அறுவதில்லை. எலும்புக்குள் புகுந்திருந்தால் அந்தத் துண்டையே முழுமையாக வெட்ட வேண்டும். மறுசீரமைப்புத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினருக்கே. இங்கே ஒரு மாதத் தாமதம்கூட வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டியே ஆக வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலிலிருந்து வரும் தாடை

வெட்டிய இடத்தில் டைட்டானியத் தகட்டை மட்டும் வைத்து, மார்புத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுவது எளிய முறை. அறுவை நேரம் குறையும், செலவும் குறையும். வயது முதிர்ந்தவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இதுவே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் தகட்டில் பல் பதிக்க முடியாது. ஆண்டுகள் செல்லச் செல்லத் திருகுகள் தளர்வதும், தகடு உடைவதும், கதிர்வீச்சு பெற்ற தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிவதும் நிகழக்கூடும்.

எலும்பு வைப்பதென்றால் உலகெங்கும் முதல் தேர்வாக இருப்பது ஃபிபுலா. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், தடித்த எலும்புக்குத் துணையாக நிற்கும் மெல்லிய எலும்பு இது. காலில் ஏற்படும் பெரிய எலும்பிழப்பைச் சரிசெய்ய ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் 1975இல் இதை இரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்தும் முறையை வெளியிட்டார். கீழ்த்தாடைக்கு அதைப் பயன்படுத்தும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் டேவிட் ஹிடால்கோ 1989இல் எழுதினார். எலும்பை அதன் தமனி, சிரை, மேலுள்ள தோல் ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கிறார்கள். தாடையின் வளைவுக்கு ஏற்ப இரண்டு மூன்று இடங்களில் அறுத்து வளைத்துத் தகட்டில் திருகுகிறார்கள். பிறகு, சில மில்லிமீட்டர் மட்டுமே விட்டமுள்ள அந்த இரத்தக் குழாய்களைக் கழுத்திலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். அறுவை எட்டு மணி நேரத்தைத் தாண்டுவது வழக்கம். அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வாய்க்குள் வைத்த தோல் துண்டின் நிறத்தை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிறம் மாறினால் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்று பொருள். மீண்டும் அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கும்.

'காலில் எலும்பை எடுத்துவிட்டால் நடக்க முடியுமா' என்பதே நோயாளிகளின் முதல் கேள்வியாக இருக்கும். திருத்தணியில் இந்தக் கேள்வி இன்னும் குறிப்பானது. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் மலைக்கோயிலின் 365 படிகளை மீண்டும் ஏற முடியுமா என்றுதான் இவ்வூரார் கேட்பார்கள். உடல் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்பக்கத்துத் தடித்த எலும்புதான். ஃபிபுலா தாங்குவது சிறு பங்கு. கணுக்காலின் உறுதிக்காகக் கீழே ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் எலும்பை விட்டுவிட்டே எடுக்கிறார்கள். பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் பிடிமானத்துடன் நடக்கத் தொடங்கி, சில மாதங்களில் படியும் ஏறுகிறார்கள். காலின் பெருவிரலை மடக்கும் வலு சிலருக்குக் குறையலாம். கணுக்காலில் விறைப்போ தோலில் மரத்த உணர்வோ நீடிக்கலாம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ளவர்களுக்குக் காலின் இரத்த ஓட்டத்தை முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பார்கள். பாதத்துக்குப் போகும் மற்ற தமனிகள் அடைபட்டிருந்தால் இந்த எலும்பை எடுக்க இயலாது.

ஃபிபுலாவுக்கு ஒரு குறையும் உண்டு. அதன் உயரம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். பல் உள்ள இயற்கையான கீழ்த்தாடையின் உயரம் அதைப் போல் இரு மடங்கு. கீழ் விளிம்பை ஒட்டி வைத்தால் முகவடிவம் நன்றாக இருக்கும். ஆனால் எலும்பு மேல் பற்களிலிருந்து மிகவும் தாழ்ந்துவிடும். சற்று மேலே ஏற்றி வைத்தால் பல் பொருத்துவது எளிது. எலும்பை இரண்டாக மடித்து அடுக்கி வைப்பதும் உண்டு. எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யும்போது பல் சிகிச்சை நிபுணரும் உடனிருந்தால்தான் இந்தக் கணக்குச் சரியாக வரும்.

பல் பதியம்

பல் பதியத்தின் வரலாறே தாடைக் குறையோடு தொடங்குகிறது. டைட்டானியம் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒன்றிவிடுவதை, சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்பை ஆராயும்போது கண்டார். 1965இல் கோத்தன்பர்க்கில் அவர் முதன்முதலில் பதியம் வைத்த மனிதர், பிளவுபட்ட அண்ணமும் குறைபட்ட தாடையும் உடையவர். கீழ்த்தாடையில் பல் இல்லாமல் துன்பப்பட்டவர். அந்தப் பதியங்கள் 2006இல் அவர் இறக்கும் வரை பயன்பட்டன. இன்று விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் முகங்களோடு விற்கப்படும் பொருள், அழகுக்காகப் பிறந்தது அன்று.

மறுசீரமைத்த தாடையில் சாதாரணப் பல்செட் நிற்பது கடினம். பல்செட்டைத் தாங்க ஈற்றின் மேடும், அதைச் சுற்றிக் கன்னத்துக்கும் நாக்குக்கும் இடையில் பள்ளமும் வேண்டும். கால் தோலை வைத்துத் தைத்த வாயில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தோல் வழுக்கும், அசையும். கீழுதட்டில் உணர்வும் இராது. ஆகவே இரண்டு முதல் நான்கு பதியங்களாவது இருந்தால்தான் பல்வரிசை அசையாமல் நிற்கும். பதித்த திருகு எலும்போடு ஒன்றச் சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் தேவை. அதுவரை அதன்மேல் பாரம் ஏற்றுவதில்லை.

பதியத்தை எப்போது வைப்பது என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு நிலைப்பாடுகள் உள்ளன. தாடை அறுவையின்போதே வைத்துவிடலாம் என்பது ஒன்று. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தொடங்கச் சுமார் ஆறு வாரம் இருப்பதால் அதற்குள் எலும்பு ஓரளவு பற்றிக்கொள்ளும். நோயாளிக்கு இன்னோர் அறுவையும் மிச்சமாகும். புற்று திரும்பி வந்தால் அந்தப் பதியங்கள் வீண். சற்றுக் கோணலாக அமைந்தாலும் பல் பொருத்த முடியாது. புற்று திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் என்பதால், ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருந்து வைக்கலாம் என்பது மற்றது. கணினியில் முன்கூட்டியே திட்டமிட்டு, எலும்பைக் காலில் இருக்கும்போதே அறுத்து, பதியமும் தற்காலிகப் பல்லும் பொருத்தி ஒரே நாளில் தாடையில் வைக்கும் முறையும் உலகின் சில மையங்களில் நடைபெறுகிறது. கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் இம்முறை பெரும்பாலும் புற்று அல்லாத கட்டிகளுக்கே பொருந்துகிறது. விரைந்து வளரும் புற்றுக்கு அத்தனை வாரத் திட்டமிடலுக்கு நேரம் இல்லை.

திருகைச் சுற்றியுள்ள தசையும் தோலும் தனிச் சிக்கல். இயற்கையான ஈறு பல்லை இறுகப் பிடித்திருக்கும். காலின் தோல் அப்படிப் பிடிக்காது. தடித்து, மடிந்து, திருகைச் சுற்றி அழுக்குச் சேர இடம் கொடுக்கும். சிலருக்கு வாய்க்குள் முடி முளைப்பதும் உண்டு. நோயாளிகள் வெளியே சொல்லக் கூசும் செய்தி இது. கதிர்வீச்சு பெற்ற பகுதியில் முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அப்படி உதிராதபோது தோலை மெலிதாக்கியோ, அண்ணத்திலிருந்து சவ்வை எடுத்து ஒட்டியோ சரிசெய்கிறார்கள். பதியம் என்றால் ஒரு நாள் வேலை என்று நினைத்து வருபவர்கள், அதற்கு முன்பு இப்படி ஒன்றிரண்டு சிறு அறுவைகள் இருக்கலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

கதிர்வீச்சு பெற்ற எலும்பு

அறுவைக்குப் பின் தரப்படும் கதிர்வீச்சு பொதுவாக 60 முதல் 66 கிரே அளவில், ஆறு வாரங்களை ஒட்டி, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் அமையும். அது புற்றணுக்களோடு எலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் அழிக்கிறது. இரத்த ஓட்டம் குறைந்த எலும்பில் காயம் ஏற்பட்டால் ஆறாமல், எலும்பு செத்து வெளியே தெரியும். கதிர்வீச்சு எலும்புச் சிதைவு எனப்படும் இந்நிலை மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் அதிகம். எலும்பு பெற்ற அளவு 50 கிரேயைத் தாண்டும்போது ஆபத்து கூடுகிறது. ஆண்டுகள் கழிந்தாலும் அது முற்றாக நீங்குவதில்லை.

இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் பிறக்கின்றன. சொத்தைப் பற்களையும் ஆடும் பற்களையும் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் பல் வலித்தால், ஊரில் உள்ள பல் மருத்துவரிடம் போய் உடனே பிடுங்கிக்கொள்ளக் கூடாது. முதலில் கதிர்வீச்சு பெற்றதைச் சொல்லி, சிகிச்சைச் சுருக்கத் தாளைக் காட்ட வேண்டும். அந்தத் தாளில் மொத்த அளவும் எந்தப் பகுதி என்பதும் எழுதியிருக்கும். அதைப் பத்திரப்படுத்தாமல் தொலைத்துவிடுபவர்கள் ஏராளம். பதியம் வைக்க வரும்போது மருத்துவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

கதிர்வீச்சு பெற்ற எலும்பில் பதியம் வைக்கவே கூடாது என்பதில்லை. தோல்வி விகிதம் கூடுதல் என்பதே உண்மை. குறைந்தது ஆறு மாதம், பலர் கருத்தில் ஓராண்டு, இடைவெளி விடுகிறார்கள். உயரழுத்த ஆக்சிசன் அறையில் பல அமர்வுகள் உட்கார வைத்தால் ஆபத்து குறையும் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. கதிர்வீச்சு பெற்ற கீழ்த்தாடையில் பல் பிடுங்குபவர்களையும் பதியம் வைப்பவர்களையும் கொண்டு நடத்தி 2019இல் வெளியான ஹோப்பான் ஆய்வில் அப்படிப்பட்ட பயன் தென்படவில்லை. செலவு மிகுந்த அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் காரணம் கேட்பது நியாயமே.

வாய் திறப்பு

பதியக் கனவு மிகுதியும் தடைபடுவது எலும்பில் அன்று, வாய் திறப்பில். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அது வாய்ப்பூட்டு. பாக்குப் போட்டவர்களுக்குப் புற்றுக்கு முன்பே கன்னச் சவ்வு இறுகி வாய் குறுகியிருக்கும். அறுவைத் தழும்பும் கதிர்வீச்சும் அதன்மேல் சேர்கின்றன. துளையிடும் கருவி வாய்க்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லை என்றால் எத்தனை நல்ல எலும்பு இருந்தும் பயனில்லை.

இதற்கு விலையுயர்ந்த மருந்து கிடையாது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாட்களுக்கு ஒன்றாகக் கூட்டி, ஒரு நாளைக்குப் பலமுறை திறக்கும் பயிற்சிதான். மருத்துவர் அனுமதித்ததும் தொடங்கி, கதிர்வீச்சு நடக்கும்போதும் விடாமல் செய்ய வேண்டும். புண் வலிக்கும் நாட்களில் விட்டுவிட்டு, வாய் இறுகிய பிறகு திரும்பத் திறக்க முயல்வது மிகக் கடினம். வீட்டில் ஒருவர் குச்சிகளை எண்ணிக் குறித்து வைத்தால் பயிற்சி நிற்காமல் நடக்கும்.

பதியம் இயலாதபோது

பதியம் எல்லோருக்கும் பொருந்தாது. அது கிடைக்காதது தோல்வியும் அன்று. எலும்பு வைக்காமல் விட்ட தாடை வெட்டிய பக்கம் ஒதுங்கி, மேல் பற்களும் கீழ்ப் பற்களும் சந்திக்காமல் போகும். மீதிப் பற்களில் மாட்டும் வழிகாட்டித் தகடு, வாயை மூடும்போது தாடையை நேரே கொண்டுவருகிறது. மேல்தாடையை எடுத்தவர்களுக்கு வாய்க்கும் மூக்குக்கும் இடையே துவாரம் இருக்கும். குடித்த நீர் மூக்கு வழியே வரும், பேச்சு புரியாது. துவாரத்தை அடைக்கும் குமிழோடு கூடிய பல்செட் இதைப் பெருமளவு சரிசெய்கிறது. உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் பிராய்டு 1923இல் வாய்ப் புற்றுக்கு ஆளாகி, 1939இல் இறக்கும் வரை முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகளுக்கு உட்பட்டார். அவர் அணிந்த இத்தகைய கருவி அத்தனை தொல்லை தந்ததால் வீட்டில் அதற்கு 'அரக்கன்' என்று பெயர். இன்றைய கருவிகள் இலகுவானவை. உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்யப்படுகின்றன. கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட பதியங்களும் மேல்தாடைக்கு ஒரு வழி.

எங்கே செல்வது, யார் செலவு

திருத்தணியிலிருந்து நோயாளிகள் செல்லும் திசைகள் பல. புறநகர் ரயிலில் அரக்கோணம், திருவள்ளூர் வழியாகச் சென்னை. அங்கே 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் உள்ளது. கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி உள்ளது. தாடை இழந்தவர்களுக்குச் செயற்கைப் பற்கள் பற்றிக் கேட்க வேண்டிய இடம் இதுதான். காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மேற்கே சென்றால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. உரிய சான்றிதழை மருத்துவமனையில் பெற வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் உதவுகிறது. பல் பதியம் வேறு கதை. பெரும்பாலான காப்பீடுகள் அதைப் பல் சிகிச்சை அல்லது அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குகின்றன. அட்டை இருக்கிறது என்று நம்பிப் புறப்படும் முன், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பதியத்தின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். பிரிட்டனில் அரசுச் செலவில் பதியம் பெறத் தகுதியுள்ளோர் குறித்து அந்நாட்டு அறுவை மருத்துவர் கல்லூரி தந்த வழிகாட்டுதலில், தலை கழுத்துப் புற்றுநோயாளிகள் முன்னுரிமைப் பிரிவில் உள்ளனர். மெல்வதை அழகுக்கு அப்பாற்பட்ட தேவையாகக் கருதும் அணுகுமுறை அது. இங்கும் அந்தக் கோரிக்கை எழ வேண்டியதே.

அறுவைக்கு முன் நோயாளி கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. தாடையில் எலும்பு வைப்பீர்களா, தகடு மட்டுமா? பிற்பாடு அதில் பல் பதிக்க முடியுமா? பல் மருத்துவர் என்னைப் பார்ப்பாரா? படிக்காதவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். உடன் செல்லும் பிள்ளையோ பேரனோ ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

அன்றாட வாழ்க்கை

முதல் நாட்களில் மூக்குக் குழாய் வழியே உணவு. பிறகு கஞ்சி, மோர், மிக்சியில் அடித்த பருப்புச் சாதம். அடுத்து ஊறவைத்த இட்லி. பதியமும் பல்லும் நன்கு அமைந்தவர்கள் தோசை, வேகவைத்த காய்கறி, மென்மையான இறைச்சி வரை போகிறார்கள். முறுக்கையும் கரும்பையும் மருத்துவர்கள் அனுமதிப்பதில்லை. கதிர்வீச்சால் உமிழ்நீர் குறைவதால் சாம்பாரோ ரசமோ இல்லாமல் வெறும் சோறு இறங்காது. கையில் எப்போதும் தண்ணீர்க் குப்பி வேண்டும். உமிழ்நீர் இல்லாத வாயில் மீதிப் பற்கள் விரைவாகச் சொத்தையாகும். இதைத் தடுக்க ஃபுளோரைடு களிம்பைத் தினமும் தடவச் சொல்வார்கள்.

விருந்துகளில் பந்தியில் உட்காரத் தயங்குவது பரவலாகக் காணப்படுகிறது. உதடு மூடாமல் வடிவதும், சாப்பிட நேரமாவதும், பிறர் பார்ப்பதும் காரணங்கள். தனியே முதலில் சாப்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு உட்கார்ந்து பேசுவதைச் சிலர் வழக்கமாக்கிக்கொள்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் செல்வது பேச்சுக்கு மட்டுமின்றி விழுங்கும் முறைக்கும் உதவும்.

பதியம் வைத்தவர்கள் திருகைச் சுற்றி மென்மையான சிறு தூரிகையால் தினமும் தேய்க்க வேண்டும். புகையிலையையும் பாக்கையும் மீண்டும் தொட்டால் புற்று திரும்பும் ஆபத்தோடு பதியமும் கழன்றுபோகும். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் போகும் நரம்பு தாடை எலும்புக்குள் ஓடுவதால், எலும்போடு அதுவும் போய்விடுகிறது. எனவே சூடான காபி உதட்டைச் சுட்டாலும் தெரியாது. பருக்கை ஒட்டியிருந்தாலும் தெரியாது. டம்ளரைக் கையால் தொட்டுச் சூடு பார்த்த பின் வாயில் வைக்கவும், உண்டு முடித்ததும் கண்ணாடியில் முகம் பார்க்கவும் மருத்துவமனையில் சொல்லியனுப்புவார்கள்.